பின் ஸ்பிரிங் மாற்றிய அனுபவம்

தென்னாப்பிரிக்கா-லெசோத்தோ எல்லையில் உள்ள சானி கணவாயின் கல் பாதையில் என் டிரெயில் பைக்கின் பின்பக்கம் பள்ளத்துக்குப் பள்ளம் ‘டொக்’கென்று அடிவரை இறங்கியது, முன் சக்கரமோ பிடியில்லாமல் அலைந்தது. டர்பன் திரும்பியதும் பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் இறுக்கு வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன். குறையவில்லை.

அப்புறம் மச்சானை டேப்போடு உட்காரவைத்து, பின் அச்சிலிருந்து மட்கார்டில் போட்ட குறிவரை அளந்தோம். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது 600 மி.மீ. வண்டி தானாக நின்றால் 582. ஹெல்மெட், பூட்ஸோடு நான் ஏறினால் 500. என்னோடு 100 மி.மீ. இறக்கம், அது சரி. ஆனால் தன் எடைக்கு 30 முதல் 40 இறங்க வேண்டிய வண்டி, 18தான் இறங்கியது.

ஸ்பிரிங் கடினம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு! என் எடைக்கு மென்மையான ஸ்பிரிங் என்பதால்தான், நான் ஏறும்போது இறக்கத்தை 100-க்குக் கொண்டுவர அவ்வளவு இறுக்க வேண்டியிருந்தது. அந்த இறுக்கத்தில் வண்டியின் எடை மட்டும் அதை அமுக்கப் போதவில்லை. கவசங்களோடு நான் 95 கிலோ.

ஒரு மில்லிமீட்டர் அமுக்க 48 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, 56 கேட்கும் கடினமானதைப் போட்டேன். வளையத்தைத் தளர்த்தி மறுபடி அளந்தால், வண்டி தானாக 30, என்னோடு 100 இறங்கியது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகையும் இரண்டு கிளிக் இறுக்கினேன், இல்லாவிட்டால் புது ஸ்பிரிங் உதைத்துத் தள்ளும். அடுத்த முறை சானியில் அந்த ‘டொக்’ கேட்கவேயில்லை.