இரவிகுளத்தில் பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் காண

மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் வரையாட்டைப் பார்த்ததும் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இராஜமலைச் சாலையோரப் புல்சரிவுகளை நிதானமாகப் பார்ப்பவருக்கே பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் புலப்படும். வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா பெரும்பாலும் மூடப்பட்டிருக்குமாதலால், தேதியை உறுதிசெய்துகொண்டே புறப்பட வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பூத்ததால் அடுத்த பெரும்பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்காகவே காத்திருப்பது வீண். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் ஈரப் பாறையிடுக்குகளில் மலரும் காசித்தும்பை இனங்களே ஒரு பயணத்துக்குப் போதுமானவை.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்து, வனத்துறைப் பேருந்தில் காலையிலேயே மேலே சென்றுவிடுவது நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதை நிறுத்திவிடும். குளிர்ந்த காலையில் அவை வெயில்படும் கல்லிலும் மண்ணிலும் சிறகை விரித்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். அப்போது நம் நிழல் அவற்றின்மீது விழாதவாறு, பக்கவாட்டில் மெல்லக் குனிந்து பார்க்க வேண்டும். ஆரஞ்சுச் சிறகில் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்புல்வெளிகளுக்கே உரிய நீலகிரி பிரிட்டிலரியாக இருக்கலாம்; அதன் புழுக்கள் தரையை ஒட்டி வளரும் வயலட் செடிகளைத் தின்பவை. படம் எடுப்பதற்காகப் பாதையைவிட்டு ஓரடி இறங்கினாலும் மிதிபடுவது அந்தச் செடிகளாக இருக்கக்கூடும். குடையைவிட மழைச்சட்டையே வசதி. கையில் இருநோக்கி இருந்தால் எட்டாத சரிவுப் பூக்களையும் பாதையில் நின்றபடியே அடையாளம் காணலாம்.