கீழ் கோத்தகிரிக்கு நடுவே ஓர் இடைவெளி: இனோட்டிஃபைவெயிட் வெளியீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குச் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பசுந்தேயிலை வாங்கும் மையங்களின் எடைக் கோப்புகள் ஒரு கோப்புறையில் வந்து விழும். கோப்புறையில் நடப்பதைக் கவனிக்கும் லினக்ஸ் கருவியான இனோட்டிஃபைவெயிட் அதைக் கண்டு ஒரு வரி சொல்லும். அந்த வரியைப் படித்து என் நிரல் கணக்கில் ஏற்றும். அரவேணு மையத்தின் கோப்பு ஏறியது, கட்டபெட்டு ஏறியது. கீழ் கோத்தகிரி மட்டும் மூன்று நாளாகக் காணவில்லை.

தவறு என்னுடையதுதான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, வரியின் அமைப்பைச் சொல்லும் ஃபார்மட் விருப்பத்தில் கோப்பின் பெயரை முதலிலும், நிகழ்வையும் நேரத்தையும் பிறகும் வைத்திருந்தேன். இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) வரியை வெட்டியது. 'கீழ்' கோப்பின் பெயரானது, 'கோத்தகிரி' நிகழ்வானது! பெயரைக் கடைசியில் வையுங்கள். ஷெல்லின் ரீட் கட்டளை மிச்சம் உள்ள அனைத்தையும் கடைசி மாறிக்கே கொடுத்துவிடும். நேரத்திலும் இடைவெளி விடாதீர்கள்.

இடைவெளிக்குப் பதில் காற்புள்ளி போட்டால் தீராதா? தீராது. நிகழ்வுப் பெயர்களையே இந்தக் கருவி காற்புள்ளியால்தான் கோக்கிறது; எழுதி முடித்து மூடிய கோப்புக்கு 'க்ளோஸ் ரைட்', 'க்ளோஸ்' என்று இரண்டு பெயர்கள் வரும். ஃபார்மட்டில் நிகழ்வுக்காகப் போடும் சதவீதக் குறிக்கும் ஆங்கில இ எழுத்துக்கும் நடுவே முக்காற்புள்ளியை வைத்தால், அதைக் கொண்டே கோத்துத் தரும்.

நேரக் குறியைச் சேர்த்தால் நேரத்தின் வடிவத்தைச் சொல்லும் டைம்எஃப்எம்டி விருப்பத்தையும் தர வேண்டும். அதில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். மாற்றிப் போட்டால் ஜூலை முழுவதும் எல்லா மூட்டைகளும் ஏழாம் நிமிடத்திலேயே வந்ததாகக் காட்டும்.

கோப்புறையின் பெயர் இறுதியில் சாய்கோட்டோடுதான் வருகிறது. நீங்களும் ஒன்று சேர்த்தால் கோப்பு திறக்கும். ஆனால் பழைய பதிவோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தாது. தனிக் கோப்பு ஒன்றைக் கவனித்தாலோ, கோப்புப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும்.

'கவனிக்கத் தொடங்குகிறேன்' என்ற வகை அறிவிப்புகள் வழக்கமான வெளியீட்டில் அல்ல, பிழைச் செய்திகளுக்கான தனி ஓடையில் போகின்றன. இரண்டு ஓடைகளையும் ஒன்றாக்கினால் அவையும் எடைப் பதிவுபோல் உள்ளே நுழையும். க்யூ விருப்பத்தை ஒருமுறை கொடுத்தால் அவை அடங்கும். இருமுறை கொடுத்துவிட்டு, கருவி பழுது என்று என்னை அழைத்தவர்கள் உண்டு. அப்போது அது நிகழ்வுகளையும் சொல்லாது.

எல்லாம் சரி, வரி மட்டும் தாமதமாக வருகிறதா? ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாயில், வரிகளை வடிகட்டும் க்ரெப் கட்டளை அடுத்து இருந்தால் அதைப் பாருங்கள். தன் இடைநினைவகம் நிரம்பும்வரை அது வரிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இலை வரத்துக் குறைந்த மழைநாளில் காலையில் போட்ட எடை மாலைவரை தெரியாது. க்ரெப்புக்கு லைன்-பஃபர்ட் விருப்பத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு வரியையும் உடனே விட்டுவிடும்.