பாலித்தீன் பட்டையை நீட்டிச் சூடாக்குதல்: தொடக்கநிலைச் செய்முறை

நீட்டுவதால் பாலிமருக்கு, அதாவது பாலித்தீன் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருளுக்கு, கிடைக்கும் வலிமையை வெப்பம் அழிக்கவும் கூடும், நிலைநிறுத்தவும் கூடும். இவற்றில் எது நிகழும் என்பது, சூடாக்கும்போது முனைகள் கட்டுண்டு இருக்கின்றனவா என்பதைப் பெரிதும் பொறுத்தது. இதைக் கண்ணால் காண, சலசலக்காத மென்மையான பாலித்தீன் பை, இரும்பு அளவுகோல், கூரிய கத்தி, அழியாத மைப்பேனா, கிளிப்புகள், இடுக்கி, கொதிநீர் ஆகியவை போதும்.

முதலில், 2 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள நான்கு பட்டைகளை ஒரே திசையில் வெட்டி, குறுக்கே 1 செ.மீ. இடைவெளியில் கோடுகள் வரையவும். ஓரத்தில் பிசிறு இருந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். ஆகவே கத்தி கூர்மையாக இருக்க வேண்டும்.

ஒரு பட்டையை ஒப்பீட்டுக்காக வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் ஒரே அளவுக்கு மெதுவாக இழுக்கவும். பெரும்பாலும் ஓரிடம் முதலில் ஒடுங்கி, அந்த ஒடுக்கம் இருபுறமும் பரவும். சில பைகளில் பட்டை சீராகவே நீளும். மூலக்கூறுச் சங்கிலிகள் மடிந்து அடுக்கப்பட்டிருந்த படிகத் தகடுகள் சிதைந்து, அச்சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசைப்படுவதே இந்த நீட்சிக்குக் காரணம். இனி நீளவாக்கில் வரும் விசையைச் சங்கிலிகளின் வலுவான வேதிப்பிணைப்புகள் தாங்குகின்றன. குறுக்கே சங்கிலிகளுக்கு இடையிலான மெலிந்த ஈர்ப்பே உள்ளது. 1930இல் டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் வேதியியலாளர் கரோதர்ஸின் குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில், குளிர்ந்த பாலியெஸ்டர் இழையை நீட்டி இதே வலிமையைக் கண்டார். செயற்கை இழைத் தொழில் இதற்குப் பெரிதும் கடன்பட்டது என்பேன்.

அடுத்து, நீட்டிய பட்டைகளில் ஒன்றை இடுக்கியால் பிடித்துக் கொதிநீரில் கட்டின்றி விடவும். கோடுகள் நெருங்கிவரும். இவ்வகைப் பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸில் உருகுவதால் கொதிநீரில் பட்டை முழுவதும் உருகிவிடாது. ஆயினும் சிறிய, குறைபாடுள்ள படிகங்கள் உருகி, விடுபட்ட சங்கிலிகள் மீண்டும் சுருள்கின்றன. வரிசை குலைவதால் இழுவலிமையும் விறைப்பும் குறையும்.

நீட்டிய மற்றொன்றை அளவுகோலின் மேல் தொய்வின்றி வைத்து, இரு முனைகளிலும் கிளிப்பிட்டு அதே நீரில் சில நிமிடங்கள் வைக்கவும். முனைகள் கட்டுண்டதால் வரிசை பெருமளவு நிலைக்க, உள் இறுக்கம் தளர்ந்து, உருகியவை தடித்த படிகங்களாக மீண்டும் உருவாகும். பாலியெஸ்டர் படலத்தைத் தொழிற்சாலையில் விளிம்புகளைப் பிடித்தபடி 200 டிகிரிக்கு மேல் சூடாக்குவதும் இதற்காகவே. அளவு மீறிய சூடு நல்லதன்று. படிகங்களை இணைக்கும் சங்கிலிகள் குறைந்து பொருள் நொறுங்கும் இயல்பைப் பெறலாம்.

கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் பட்டையைத் தண்ணீரில் முழுவதும் குளிர்விக்கவும். பிறகு அதைக் கட்டின்றிக் கொதிநீரில் இட்டு, முந்தைய பட்டையின் சுருக்கத்துடன் ஒப்பிடவும். இரண்டும் ஒரே அளவு சுருங்கினால், கிளிப்பு நழுவியதா, குளிரும் முன்பே கழற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சூடேறாத மூன்றாவது நீட்டிய பட்டையையும் தொடக்கப் பட்டையையும் கையால் இழுத்து, விறைப்பின் வேறுபாட்டை உணரலாம்.