மாடுலேஷன்: ஒரே சொல்லின் இரு பொருளையும் காதால் பிரித்தறிவது எப்படி?

மேற்கத்திய இசை கற்பவருக்கு மாடுலேஷன் என்பது பாட்டின் நடுவே ஆதாரச் சுருதியை வேறொன்றுக்கு மாற்றுவது. மேல்நிலை இயற்பியல் பாடத்தில் பண்பேற்றம் எனப்படும் மாடுலேஷனோ, ஊர்தி அலையின் (செய்தியைச் சுமந்து செல்லும் உயர் அதிர்வெண் அலையின்) ஏதேனும் ஒரு பண்பை அனுப்ப வேண்டிய செய்திக்கு ஏற்ப மாற்றுவது. இரண்டையும் ஒரு கீபோர்டும் பழைய வானொலிப் பெட்டியும் கொண்டு கேட்டே அறியலாம்.

முதலில் கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியைத் தேர்ந்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி, இடப்புறம் மாடுலேஷன் என்று குறிக்கப்பட்ட சக்கரத்தை மெல்லத் தள்ளுங்கள். பெரும்பாலான கருவிகளில், ஒலி நொடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழுமாக அசையும், ஆனால் ஆதாரச் சுருதி மாறிவிடாது. பெயர் இசைக்கருவியின் மேல் இருந்தாலும் இது இயற்பியலார் சொல்லும் பொருளே, அதாவது அதிர்வெண் பண்பேற்றம். சக்கரத்தை விட்டுவிட்டு ஒலியளவுக் குமிழைச் சீராகக் கூட்டிக் குறைத்தால் அது வீச்சுப் பண்பேற்றம்.

அடுத்து வானொலி. சென்னையில் இருப்பவர்கள் வீச்சுப் பண்பேற்றத்தில் இயங்கும் மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸ் வைத்து, அருகில் மிக்ஸியை ஓடவிட்டால் கரகரப்பு எழும், அதிர்வெண் பண்பேற்றத்தில் இயங்கும் எஃப்.எம். 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மிக்ஸியின் தீப்பொறி கிளப்பும் இரைச்சல் அலையின் வீச்சையே முதன்மையாகக் குலைப்பதால், வீச்சு ஏற்றத்தாழ்வை வெட்டிவிட்டு அதிர்வெண் மாற்றத்தை மட்டும் படிக்கும் எஃப்.எம். பெட்டியை அது அதிகம் பாதிப்பதில்லை. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற முறையின் வலிமை இதுதான். ஊர்தி அலையே எதற்கு என்று கேட்பவர் ஒரு கணக்குப் போடலாம்: கால் அலைநீள ஆண்டெனா 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 75 கிலோமீட்டர் வேண்டும், 720 கிலோஹெர்ட்ஸுக்கோ ஏறத்தாழ 104 மீட்டர் போதும்.

இனி இசைப் பொருள். சி மேஜர், ஏ மைனர், டி செவன்த், ஜி மேஜர் என்ற வரிசையில் கார்டுகளை (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டுகளை) வாசியுங்கள். ஏ மைனர் பழைய சுருதிக்கும் புதிய சுருதிக்கும் பொதுவானது என்பதால் காது எதையும் சந்தேகிக்காது. டி செவன்த்தில் வரும் எஃப் ஷார்ப் என்னும் கறுப்புக் கட்டைதான் சி மேஜரில் இல்லாத சுரம். கடைசி இரண்டையும் மூன்று நான்கு முறை திருப்பி வாசித்துவிட்டுச் சி மேஜருக்கு வந்தால், தொடக்கத்தில் சொந்த வீடாக இருந்த அது இப்போது விருந்தாளி வீடாகத் தோன்றும். அவ்வாறு தோன்றாவிட்டால் மாடுலேஷன் நிகழவில்லை. (டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவதையும் சிலர் இப்பெயரால் அழைக்கின்றனர், எல்லாக் கட்டைகளையும் ஒருசேர நகர்த்தும் அந்த வசதியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கர்நாடக இசையில் இதற்கு நெருக்கமானது கிரக பேதம், அதாவது ஒரு ராகத்தின் சுரங்களை மாற்றாமல் வேறொரு சுரத்தை ஷட்ஜமாகக் கொள்வது. மோகன ராகத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதியும், காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளமும் கிடைக்கும். கீபோர்டில் சியை ஷட்ஜமாகக் கொண்ட மோகனத்துக்குரிய சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து கட்டைகளையே டியில் தொடங்கி டியில் முடித்து வாசித்துப் பாருங்கள். அப்போது தம்புராப் பெட்டியை நிறுத்திவிடுவது நல்லது. அது ஒலித்துக்கொண்டிருந்தால் காது பழைய ஷட்ஜத்தை விட்டு நகர மறுக்கும்.