விதை உருளைக்கிழங்கை வெட்டி நடும் முறை

உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்குள் பருத்த தண்டு என்பதால், அதன் மேலுள்ள சிறு குழிகளான கண்களிலிருந்தே புதுச்செடி முளைக்கிறது. முட்டையளவுள்ள கிழங்கை முழுதாகவே நடலாம். பெரியதாயின், துண்டு ஒவ்வொன்றிலும் குறைந்தது 2 கண்களும் ஏறத்தாழ 40 கிராம் எடையும் இருக்குமாறு சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டிய கையோடு நட்டுவிடுவதுதான் அவசரக்காரர்கள் செய்யும் தவறு. ஈரம் கசியும் வெட்டுமுகம், காற்றோட்டமுள்ள நிழலில் 2 அல்லது 3 நாள் கிடந்து, விரலில் ஒட்டாமல் தோல்போல் காய்ந்த பிறகே மண்ணில் அழுகாமல் தாங்கும். கண்கள் மேல்நோக்கியிருக்க, 10 செ.மீ. ஆழத்தில், 30 செ.மீ. இடைவெளியில் நடவும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகும் கிழங்கில் சோலனின் என்னும் நச்சு கூடுவதால், அது உணவுக்கு ஆகாது.