விந்துக் கல்ச்சர் பரிசோதனைக்குச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியவை

விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘பஸ் செல்’ எனப்படும் வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டதும், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். என்ன கிருமி என்று தெரியுமுன் மருந்து உடலுக்குள் சென்றால், கல்ச்சரில், அதாவது விந்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளராமல் போகலாம். நோயோ அரைகுறையாகத் தங்கிவிடலாம்.

பாக்டீரியா விந்தணுவைப் பல வழிகளில் கெடுக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை, தன் மேலுள்ள நுண்ணிய இழைகளால் விந்தணுக்களைப் பற்றிக்கொள்வதால், அவை ஒன்றோடொன்று ஒட்டி நீந்த முடியாமல் நின்றுவிடுகின்றன. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் ஆக்சிஜன் சேர்மங்களும் விந்தணுவின் மெல்லிய சவ்வையும் உள்ளிருக்கும் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. ஒரு மில்லி விந்தில் வெள்ளை அணுக்கள் 10 லட்சத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் காரணத்தைத் தேடுவது இதனால்தான். இருப்பினும், நலமான ஆண்களின் விந்திலும் பாக்டீரியா காணப்படுவதுண்டு என்பதால், கிருமி வளர்ந்துவிட்டது என்பது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது.

தோலில் இருக்கும் கிருமி மாதிரியில் கலந்துவிட்டால் அறிக்கையே தவறாகிவிடும் என்பதால், மாதிரி எடுக்கும் முறை மிக முக்கியம். 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, முதலில் சிறுநீர் கழித்து, கைகளையும் ஆணுறுப்பையும் சோப்பால் கழுவி, சோப்பு எஞ்சாமல் அலசி, புதிய காகிதத் துண்டால் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். லேப் தரும் கிருமி நீக்கிய டப்பாவின் உட்புறத்தையோ மூடியின் உட்புறத்தையோ தொடாதீர்கள். எச்சில், எண்ணெய், சாதாரண ஆணுறை எதையும் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் எடுத்தால், குளிரவிடாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள்.

உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா சாதாரணக் கல்ச்சரில் வளராது. பல ஆண்களிடம் எரிச்சலோ வலியோ இன்றியே அது தங்கியிருப்பதால், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கழிக்கத் தொடங்கும்போது வரும் முதல் சிறுநீரே அதற்குப் போதும். விரை வீங்கி வலியோ காய்ச்சலோ இருந்தால், எந்த அறிக்கைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று உறுதியானால் மனைவிக்கும் சிகிச்சை தேவை. இல்லையேல் கிருமி மறுபடியும் தொற்றிக்கொள்ளும். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாட்களாகும் என்பதால், விந்தணுக்களின் எண்ணிக்கையையும் அசைவையும் சுமார் 3 மாதங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். பழைய தொற்றின் தழும்பால் விந்துக் குழாய் அடைபட்டிருந்தால் ஆன்டிபயாடிக் அதைத் திறக்காது. அப்போது ஆண் மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சையளிக்கும் சிறுநீரியல் நிபுணரை (யூராலஜிஸ்ட்) அணுக வேண்டும்.