களிமண்ணில் இலைப் பதிவு: உடனே உரிக்காதீர்கள்

களிமண் தட்டில் இலைப் பதிவு எடுக்கும்போது, இலையின் பின்பக்கம் மண்ணில் படும்படி வைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். உருட்டியதும் உரிக்க வேண்டாம். மண் விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் காம்பைப் பிடித்துத் தூக்கினால் இலை முழுசாக வந்துவிடும். தனியாக அச்சு வாங்கும் செலவு மிச்சம்.

நரம்புகள் பின்பக்கத்தில்தான் புடைத்திருக்கும், அதனால் கோடு ஆழமாக விழுகிறது. ஈர மண் இலையைக் கவ்விக்கொண்டிருக்கும். அப்போதே இழுத்தால் இலை கிழியும், கோட்டின் ஓரமும் பிய்யும். ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கும், இலையும் வாடும், பிடி தளர்ந்துவிடும். துணுக்கு ஏதும் மாட்டிக்கொண்டால் ஊசியால் கிண்டாதீர்கள், சூளையில் அதுவாகவே எரிந்துபோகும்.

அரசு, பூவரசு, ஆமணக்கு எல்லாம் நன்றாகப் பதியும். என் ஓட்டு ஆமணக்குக்கு. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து தட்டு வளைந்துவிடும். நிழலில் வைத்து, ஓரத்தில் மட்டும் ஈரத்துணி சுற்றுங்கள்.

கற்றாழை மாதிரி சதைப்பற்றுள்ள இலைகளுக்கு இது சரிவராது, நசுங்கித் தண்ணீர் விடும். அய்யனார் குதிரை செய்கிற மாதிரி மணல் கலந்த மண்ணில் மெல்லிய நரம்புகள் தெரியாது. மேலே சலித்த மண்குழம்பை ஒரு பூச்சு பூசி, அது சற்று இறுகியபின் இலையை வைக்கலாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் முயல வேண்டாம். அது கண்ணாடி மேல் வார்க்கும் சிமென்ட், சுடுவதில்லை. சிக்கிய இலை உள்ளேயே கிடந்து மட்கும்.